வெள்ளை டயரில் ஊற்றிய ஆரத்தி

டயர் கழுவ உட்கார்ந்தால் சாப்பாட்டையே மறந்துவிடும் என் அன்பு அண்ணனுக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் மகள் தேன்மொழி நல்லபடியாக மலையேறி, வெள்ளிமலையில் தன் புருஷன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள். உன் பிளசர் காரில்தான் போனாள். உன் மச்சான், அதான் என் வீட்டுக்காரர், ஓட்டினார். அண்ணியும் நானும் கூடவே போனோம். வண்டி பத்திரமாகத் திரும்பி வந்து உன் தகரக் கொட்டகையில் நிற்கிறது. இந்த வரிகளை எழுதிய பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வருகிறது.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று உன் படத்தைப் போட்டு போஸ்டர் அடிக்கலாம் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். போஸ்டரில் நீ கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பாய், மாடு வந்து பசைக்காக நக்கிவிட்டுப் போகும். அதைவிட ஒரு கடிதம் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் உதவும். உனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது அண்ணா. நீ சொல்லாமல் போனதும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் கேட்க வேண்டும்.

உன்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சியில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு உன் வண்டியைத்தான் தேடுவார்கள். தந்த நிறத்தில் ஒரு பழைய அம்பாசிடர். ஆனால் ஊர் பார்ப்பது காரை இல்லை, அதன் டயரை. ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் அகலமாக ஒரு வெள்ளை வளையம். பார்க்கிறவர்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"இன்னா பெயிண்ட்டுண்ணா இது?"

உனக்குப் பொத்துக்கொண்டு வரும். "பெயிண்ட் அடிக்கிறதுக்கு இது இன்னா பொங்கலுக்கு வுட்ட மாட்டுக் கொம்பா? ரப்பரே வெள்ளைடா. பொறந்ததே அப்டி!"

காருக்கு டயர்தான் வேட்டி என்பாய். வேட்டியில் கறை இருந்தால் மேலே எந்தச் சட்டை போட்டும் பிரயோசனமில்லை என்பாய். அந்த வேட்டியை வெளுக்க நீ பட்ட பாட்டை அண்ணி பார்த்து, "எம் புள்ளைக்குக்கூட இவரு இப்டித் தேச்சிக் குளிப்பாட்டுனது இல்ல வசந்தா" என்று என்னிடம் புலம்பியது உனக்குத் தெரியாது. ஷாம்பூ கலந்த தண்ணீர், மெத்தென்ற பிரஷ். கறுப்பிலிருந்து வழியும் அழுக்குத் தண்ணீர் வெள்ளையின் மேல் காயக்கூடாது, உடனே அலச வேண்டும். பெட்ரோல் நனைத்த துணி கிட்டவே வரக்கூடாது, கறுப்பை இழுத்து வெள்ளையில் ஈஷிவிடும். வாட்டர் வாஷ் கடைக்காரர் பளபளப்புக்கு அடிக்கும் கறுப்பு பாலிஷும் ஆகாது, வெள்ளை பழுப்பேறிவிடும். எங்காவது உரசினால் மட்டும் சன்னமான உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, குழந்தை கன்னத்தைத் தடவுகிற மாதிரி தேய்ப்பாய். அழுத்தித் தேய்த்தால் வெள்ளை கரைந்து உள்ளே இருக்கும் கறுப்பு எட்டிப் பார்க்குமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெயில் படக்கூடாது. பந்தல் வாசலில் வண்டியை நிறுத்தினால் அண்ணியின் பழைய புடவையைக் கிழித்துச் சக்கரங்களுக்குத் திரை போடுவாய். கல்யாண வீட்டில் எல்லாரும் மாப்பிள்ளைக்குக் குடை பிடிப்பார்கள், நீ டயருக்குப் பிடிப்பாய்.

நீ போன பிறகு வண்டியை யார் பார்ப்பது என்ற பேச்சே வரவில்லை. உன் மச்சான் அரசு பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்று, வீட்டில் எனக்குச் சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங்கை அவரிடம் கொடுத்தோம். டயர் கழுவுவதை அண்ணியும் நானும் எடுத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவேன். அண்ணி தண்ணீர் ஊற்றுவாள், நான் பிரஷ் போடுவேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசாத அண்ணி, டயர் பக்கத்தில் குந்திக்கொண்டால் பேசுவாள். அதனாலேயே எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது.

உன் சட்டங்களில் ஒன்றையும் நாங்கள் மீறவில்லை. "மலைக்கு மட்டும் வாடகைக்கு வராது" என்ற சட்டத்தையும்தான். கச்சிராயபாளையம் வரை வருவாய், மலையடிவாரத்துக் கோமுகி அணை வரைகூட வருவாய். அதற்கு மேல் எவ்வளவு வேண்டியவர்கள் கூப்பிட்டாலும் மாட்டாய். வளைவைக் கண்டால் உனக்குப் பயம் என்று உன் மச்சான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். நீயும் கூடச் சிரித்தாய், காரணம் சொல்லவில்லை. அந்தக் காரணத்தைத்தான் நான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

தேன்மொழிக்கு வந்த வரன் வெள்ளிமலை. கீழிருந்து போய் அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். பையன் நல்ல குணம். வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை நடத்திவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில்தான். பெண் அழைப்புக்கு எந்தக் கார் என்று யாரோ பேச்செடுத்ததுமே தேன்மொழி எழுந்து நின்றுவிட்டாள். "எங்கப்பா வண்டியிலதான் போவேன். எங்கப்பா போட்ட அதே வெள்ளை டயரோட. இல்லன்னா நான் பஸ்ஸுல போயிக்கிறேன்." அவள் உன் மகள் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. மலைக்குப் போகாது என்ற உன் சட்டத்தை மகளுக்காக ஒரு தடவை மீறலாம் என்று எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்தோம்.

நிச்சயதார்த்தம் நம் வீட்டில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் மலையிலிருந்து வேனில் இறங்கி வர, மாப்பிள்ளையை மட்டும் கச்சிராயபாளையத்தில் நம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார் உன் மச்சான். முந்தின நாள் நாங்கள் கழுவிய கழுவில் டயர்கள் இட்லி மாதிரி இருந்தன. தெருவே வாசலில் நின்றது. எதிர் வீட்டுக் கமலா அக்காதான் ஆரத்தித் தட்டை ஏந்தி நின்றாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, ரத்தச் சிவப்பாக, தட்டு நிறைய. மூன்று சுற்று சுற்றி மாப்பிள்ளைக்குப் பொட்டு வைத்தாள். வழக்கமாக அந்தத் தண்ணீரைத் தெருவில்தானே கொட்டுவார்கள்? கமலா அக்கா குனிந்தாள், முன் இடது டயரைப் பார்த்தாள், தட்டு மொத்தத்தையும் அந்த வெள்ளையின் மேல் சளக்கென்று ஊற்றினாள்.

நான் கத்தியே விட்டேன். "அக்கா! இன்னாக்கா பண்ண!"

"இன்னாத்துக்குக் கத்துற? ஊரு கண்ணு மொத்தமும் மாப்ள மேலயா இருந்துச்சி? இந்த டயரு மேலதான் இருந்துச்சி. கண்ணு யாரு மேல பட்டுச்சோ அவங்களுக்குத்தான் சுத்திப் போடணும். உங்கண்ணன் கண்ணா வளத்த டயரு."

அவள் சொன்னதில் தப்பும் இல்லை. மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்துவிட்டார்கள். நிச்சயம் முடிந்து பந்தி முடிந்து எல்லாரும் போகும்வரை டயரை யாரும் கவனிக்கவில்லை. அதற்குள் அது நன்றாகக் காய்ந்துவிட்டது.

மறுநாள் காலை அண்ணி சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் காரியம் கெட்டுவிட்டது. மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் இன்னும் சிவக்கும் என்பது பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். பதற்றத்தில் அது ஞாபகம் வரவில்லை. வெள்ளை வளையம் முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது. தேன்மொழி படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"உங்கப்பா இருந்திருந்தா கமலாவ வெட்டியிருப்பாரு" என்றாள் அண்ணி. நீ போன பிறகு அண்ணி செய்த முதல் கேலி அது. தேன்மொழி அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் தையல்காரி. பட்டு ரவிக்கையில் மஞ்சளைக் கொட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓடி வருகிறவர்களை நான் பார்க்காத மாதமில்லை. எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொன்னேன். பிழிந்து தேய்த்ததும் சிவப்பு இறங்கி மஞ்சளாயிற்று. அதன் பிறகு மஞ்சளுக்கு ஒரே வைத்தியம் வெயில்தான். வேறெதற்கும் போகாத மஞ்சள் வெயிலுக்குப் போய்விடும். ஆனால் உன் சட்டம் வெயில் கூடாது என்கிறதே? அண்ணியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் அண்ணிதான், "அவரு வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன், நிறுத்து" என்றாள். வண்டியைத் தெருவில் கொண்டுவந்து, அந்த டயர் வெயிலைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினோம்.

மஞ்சள் போயிற்று. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, ஞாயிற்றுக்கிழமை நான் பிரஷ்ஷோடு போனபோது பழைய வெள்ளை திரும்பியிருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கமலா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் ஏதோ கண்ணில் பட்டது.

கிட்டப் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வெள்ளையின் மேல் மயிரிழை மாதிரி செங்கோடுகள். ஒன்றிரண்டு இல்லை. இரும்பு வளையத்தை ஒட்டிய இடத்தில் சுற்றிலும் ஓடியிருந்தன. கறை போகவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தேன். கோடு அசையவில்லை. நகத்தால் கீறினேன். நகம் உள்ளே இறங்கியது.

நைந்த துணியை வெளிச்சத்தில் பிடித்தால் இழை விட்ட இடம் எனக்கு உடனே தெரியும். கையில் எடுத்தால் உறுதியாக இருப்பது போலத்தான் இருக்கும், ஊசி போட்டால் கிழிந்துவிடும். அந்த டயரைப் பார்த்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. அது கறையில்லை அண்ணா, விரிசல். வெள்ளைக்குள் வெள்ளையாக இருந்ததால் இத்தனை நாள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வாரா வாரம் தடவித் தடவிக் கழுவிய என் கைக்கும் தெரியவில்லை. கமலா அக்கா ஊற்றிய ஆரத்தி எலுமிச்சையும் வெயிலும் எட்டாத ஆழத்தில் இறங்கிக் காய்ந்து, ஒவ்வொரு விரிசலையும் கோடு போட்டுக் காட்டியிருந்தது.

உன் மச்சான் உடனே சலீம் பாய்க்கு போன் போட்டார். உன் டயர்க் கடை சலீம் பாயைத்தான் சொல்கிறேன், தினமும் உன்னோடு டீ குடித்தவர். வண்டியை எடுத்து வரவா என்று கேட்டதற்கு, "எடுக்காதீங்க, நானே வரேன்" என்றாராம். ஜாக்கியும் கையுமாக வந்தார். குனிந்து அந்தச் செங்கோடுகளைப் பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"இன்னா தங்கச்சி, டயருக்கு மருதாணி வெச்சிருக்கீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. சக்கரத்தைக் கழற்றி, டயரை இரும்பிலிருந்து பிரித்து, உள்பக்கத்தை விரித்துக் காட்டினார். உள்ளே ரப்பர் விட்டு நூல் தெரிந்தது. பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணைத் துடைத்துப் படித்தார். டயர் எப்போது பிறந்தது என்று அதில் இருக்குமாம்.

"ஓட்டம் கம்மி, வயசு ஜாஸ்தி. நாலும் ஒண்ணா வாங்குனது. தரையில படுற இந்தப் பட்டனப் பாருங்க, புதுசு மாதிரியே கீது. தெனம் வாடகைக்குப் போயி தேஞ்சிருந்தா அப்பவே மாத்தியிருப்பாரு. தேயாததால ஏமாந்துட்டாரு."

"ஒட்ட முடியாதா பாய்?" என்று கேட்டார் உன் மச்சான்.

"ஆணி ஏறி நடுவுல பஞ்சர்னா ஒட்டித் தந்துடுவேன் மச்சான். பக்கத்துல வுட்டுதுன்னா ஒட்டக்கூடாது. ஒட்டுறேன்னு எவன் சொன்னாலும் கேக்காதீங்க. மலை ஏறுறப்ப சூடாவும், எறங்குறப்ப பாரம் முன்னாடி வுழும். நடு வளைவுல இது வெடிச்சா..." அவர் தேன்மொழியைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

மற்ற மூன்றையும் பார்த்தோம். இப்போது பார்க்கத் தெரிந்ததால் எல்லாவற்றிலும் தெரிந்தது. புதிய வெள்ளை டயர் கேட்டால், வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும், கல்யாணத்துக்குள் வராது என்றார். கறுப்பு டயரில் வெள்ளை பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டேன். அடித்தால் டயர் நெளியும்போது பெயிண்ட் உதிரும், நிற்பதும் பழுப்பேறும் என்றார். டயருக்கும் இரும்புக்கும் நடுவில் செருகுகிற வெள்ளை ரப்பர் வளையம் விற்கிறதாமே என்றேன். "ஊருக்குள்ள ஊர்கோலம் போவ சரி. மண்ணு பூந்து டயரையே அறுக்கும் தங்கச்சி. மலைக்கு வேணாம்" என்றார். ஆக கறுப்புதான்.

தேன்மொழி கேட்கவில்லை. "பத்து வருஷமா ஓடலியா அத்தை? ஒரு நாளைக்கு ஓடாதா? மாமா மெதுவா ஓட்டுவாரு. அப்பா கையால தொடச்ச டயரு. அப்பாதான் வரல, இதாவது எங்கூட வரட்டுமே."  எனக்கே ஒரு கணம், மெதுவாகப் போனால் என்ன என்று தோன்றிவிட்டது. உன் மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சரி என்றிருந்தால் எல்லாரும் சரி என்றிருப்போம் அண்ணா. 

 அண்ணி பிரித்துப்போட்ட டயரின் பக்கத்தில் குந்தி, அந்தச் செங்கோடுகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள்.

"உங்கப்பா மேலயும் இப்டிதான் ஒண்ணுமே தெரியல. காலையில வெள்ளை வேட்டி கட்டிக்கினு போனாரு, நெஞ்சப் புடிச்சிக்கினு வுழுந்தாருன்னு சேதிதான் வந்துச்சி. நானும் மெதுவா ஓடும்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

தேன்மொழி அப்படியே அம்மாவின் தோளில் சாய்ந்துவிட்டாள். அண்ணி அவள் தலையைத் தடவிக்கொண்டே சலீம் பாயைப் பார்த்து, "கறுப்பே போடுங்க பாய். புதுசா, கெட்டியா போடுங்க" என்றாள்.

இங்கேதான் உன்னிடம் கேட்க வேண்டும். மலைக்கு மாட்டேன் என்றாயே, டயருக்கு வயதானது உனக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டேதான் அந்த வெள்ளையைத் தேய்த்துக்கொண்டிருந்தாயா? கடைசி மாதங்களில் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்ப்பது போல் மூச்சு வாங்குவாயே, அது எதனால் என்றும் தெரியுமா? கேட்டால் வாயு என்பாய், இஞ்சி டீ போடு என்பாய். வெளுத்ததெல்லாம் பால் என்று நாங்களும் நம்பினோம். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. கேட்க வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான்.

கழற்றிய டயர்களைச் சலீம் பாய் கடைக்கு எடுத்துப்போய் அறுத்துவிடப் போவதாகச் சொன்னார். அப்படியே போட்டால் வெள்ளையைப் பார்த்து எவனாவது ஆசைப்பட்டு மாட்டிக்கொள்வான், அப்புறம் அந்தப் பாவம் யாருக்கு என்று கேட்டார். நியாயம்தான். நானும் கூடப் போனேன். உன் டயரில் கத்தி இறங்குவதை வீட்டார் ஒருவராவது நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. முதல் டயரில் கத்தி வைப்பதற்கு முன் பாய் ஏதோ முணுமுணுத்தார், என்னவென்று நான் கேட்கவில்லை. அழுதேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தூசி ஜாஸ்தி இங்க" என்றார். கிளம்பும்போது செங்கோடு ஓடிய வெள்ளைத் துண்டு ஒன்றை, உள்ளங்கை அளவுக்கு, கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெண் அழைப்பு நாளன்று வேடிக்கையைக் கேள். வண்டி கறுப்புக் காலோடு நிற்கிறது. தேன்மொழி பட்டுப் புடவையில் வந்து பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று. அப்போது தெருவைக் கடந்து வருகிறாள் கமலா அக்கா, கையில் மாக்கோலத்துக்கு அரைத்த அரிசி மாவுக் கிண்ணம்.

"நான்தான ஆரம்பிச்சேன், நானே முடிக்கிறேன்" என்று சொல்லி, முந்தானையைச் செருகிக்கொண்டு டயர் முன்னால் குந்திவிட்டாள். துணியை மாவில் நனைத்து, கை எடுக்காமல் இழை இழுக்கிறாள். மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போடும் கையில்லையா? ஒவ்வொரு டயரிலும் ஒரு வெள்ளை வளையம் வந்துகொண்டே இருந்தது. வழியனுப்ப வந்திருந்த சலீம் பாயை நாங்கள் எல்லாரும் பயத்தோடு பார்த்தோம்.

"அரிசி மாவுதான? அது ஒண்ணும் பண்ணாது. தாராளமா போடும்மா" என்றார்.

தெருமுனையிலிருந்து பார்த்தால் நீ கழுவி நிறுத்திய மாதிரியே இருந்தது. தேன்மொழி ஓடிப்போய்க் கமலா அக்காவைக் கட்டிக்கொண்டதில் பட்டுப் புடவையெல்லாம் மாவு. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். அம்மாவைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். தாலி இழந்தவள் கூட உட்காரலாமா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். உன் மகள் காதில் வாங்கவே இல்லை, கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோமுகி அணையைத் தாண்டியதும் மழை பிடித்தது. மலையில் மழை எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டுமா, நீதான் ஏறவே இல்லையே. உன் மச்சான் பஸ்ஸில் ஏறி இறங்கிய பாதை அது, நிதானமாகத்தான் போனார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவுக்கும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. இவர் ஓரமாக ஒதுக்கினார். மேலேயிருந்து மழையில் சரிந்த கல் ஒன்று ஓரத்தில் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. முன் இடது சக்கரம் அதன் கூர்முனையில் போய் மடாரென்று மோதியது. வண்டி தூக்கிப் போட்டது. அந்தப் பக்கம் தடுப்புச் சுவருக்குக் கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

வண்டி நின்றது.  உன் மச்சான் மழையில் இறங்கிப் போய்ச் சக்கரத்தின் முன் குந்தினார். நானும் இறங்கினேன். டயரின் பக்கவாட்டில் நீளமாக ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். காற்று இறங்கவில்லை. கையால் அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது. அதே முன் இடது டயர் அண்ணா. ஆரத்தி ஊற்றிய அதே இடம். அங்கே உன் வெள்ளை டயர் இருந்திருந்தால்?

உன் மச்சான் எழுந்திருக்கவே இல்லை. தோளைத் தொட்டேன். பஸ்ஸில் அத்தனை வருஷம் இதே வளைவுகளை ஒடித்துத் திருப்பிய மனுஷன் அழுதுகொண்டிருந்தார். மழையில் தெரியாது என்று நினைத்திருப்பார். அண்ணி கண்ணாடியை இறக்கி, "இன்னாங்க?" என்றாள். "ஒண்ணுமில்லக்கா, போலாம்" என்றார். அந்த ஒன்றுமில்லை என்ற வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வெள்ளிமலை போய்ச் சேர்ந்தபோது கமலா அக்காவின் கோலம் மொத்தமும் மழையில் கரைந்திருந்தது. கீழே வெள்ளைக் காலோடு புறப்பட்ட வண்டி மேலே கறுப்புக் காலோடு போய் நின்றது. அங்கே ஒருவரும் டயரைப் பார்க்கவில்லை, பெண்ணைத்தான் பார்த்தார்கள். ஒரு அம்மா ஆரத்தி சுற்றிவிட்டு, தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று யோசித்தபடி நின்றாள். நான் போய், "டயரு மேல ஊத்துங்கம்மா, நல்லா ஊத்துங்க" என்றேன். தேன்மொழி மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டே வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணியும் சிரித்தாள். நீ போன பிறகு முதல் தடவையாக அந்த இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

இன்னும் ஒரு செய்தி பாக்கி. உன் மச்சானுக்கு மலையிலிருந்து வந்ததும் இடது தோளில் வலி. ஸ்டீயரிங் பிடித்த வலி என்றார், தைலம் தேய் என்றார். ஆஸ்பத்திரி என்றாலே, "எனக்கு இன்னா, நல்லாத்தான கீறேன்" என்று கத்துகிறார்.  அந்த வெள்ளை டயர்த் துண்டை எடுத்துவந்து, அவருடைய காபி டம்ளர் பக்கத்தில் வைத்தேன். அதைப் பார்த்தார். காபியைக் குடித்து முடித்து, எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போலாம்" என்றார். நெஞ்சில் ஒயர் வைத்து எடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்கு ஒன்றுமில்லை, பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தி, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வரும் வழியில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணியையும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டேன். எனக்கும் பார்த்துக்கொண்டேன். மூன்று பேரும் ஓடுவோம், கவலைப்படாதே.

நீ இருந்தபோது இந்தத் துண்டு என் கையில் இல்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை.

புதிய வெள்ளை டயர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். சலீம் பாய்தான் வரவழைக்கிறார், வந்ததும் கறுப்பைக் கழற்றிவிட்டு மாட்டுவார். நீ கழுவிய மாதிரியே கழுவுவேன், திரையும் போடுவேன், வெயிலில் நிறுத்த மாட்டேன். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை, உன் திதியன்று, நான்கு டயரிலும் கமலா அக்காவை ஆரத்தி ஊற்றச் சொல்வேன். வெள்ளை போனால் எலுமிச்சம்பழமும் வெயிலும் இருக்கின்றன, திரும்பக் கொண்டுவந்துவிடலாம். கோடு தெரிந்தால் அன்றைக்கே கழற்றிவிடுவேன். அன்றைக்கே உன் மச்சானையும் அண்ணியையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவேன். நல்லாத்தான் இருக்கேன் என்று யார் சொன்னாலும் இனி நம்பப்போவதில்லை. இது உன் மேல் சத்தியம்.

வெள்ளையைப் பார்த்து இனி ஏமாறாத
உன் தங்கச்சி,
வசந்தா